தொண்ணூறு டிகிரி

அவர் வருவதற்கு முன்பே அவருடைய முழங்காலின் வாசம் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி அவர் முறை. அவர் படியேறிக்கொண்டிருக்கும்போதே கதவருகே நின்று மூச்சை இழுத்தால் போதும், போன வாரம் யாரிடம் போய்க் காலைக் காட்டினார் என்று சொல்லிவிடுவேன். கற்பூரமும் கசப்பு வேரும் கலந்த நெடி என்றால் சீன வைத்தியர் சின்சே. எலுமிச்சைப் புல் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் என்றால் கம்போங் கப்பூர் பக்கம் உடம்பு நீவிவிடும் மலாய்க்கார அம்மா. முட்டை வாடை என்றால் நம் ஆட்கள். உளுந்து மாவில் வெள்ளைக்கருவைக் குழைத்து முட்டியைச் சுற்றிப் பத்துப் போட்டிருப்பார்கள். சில செவ்வாய்களில் மூன்று வாசமும் சேர்ந்து வரும். அன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் பயிற்சி அறையில் உதவியாளராக இருந்தேன். அடிபட்டுக் கட்டுப் பிரித்தவர்களுக்கு மறுபடி கை கால் மடக்க, நீட்டப் பழக்குவது வேலை. வெள்ளைக்கார டாக்டர் சொல்வதைத் தமிழர்களுக்குத் தமிழிலும், தமிழர்கள் முனகுவதை டாக்டருக்கு ஆங்கிலத்திலும் சொல்வது சம்பளமில்லாத இரண்டாவது வேலை. தாதியோ உதவியாளரோ, வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லோரும் அப்போது மிஸ்ஸிதான். கால் கெட்டவர்களுக்கான அந்த அறையைப் பதினெட்டுப் படி ஏறும்படி மாடியில் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“யாரு இந்த வாரம்?” என்பேன், கட்டை அவிழ்த்தபடி.

“எங்க கடைக்கு எதிர்ல பேப்பர் விக்கிறாருல்ல, அவரோட மச்சான் மிஸ்ஸி. ஊர்லேருந்து புதுசா வந்திருக்காரு. எலும்பு வைத்தியம் தெரியுமாம்.”

“உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?”

“எனக்கு இல்லைங்க. அவருக்கு இருக்கு.”

“வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“இலையெல்லாம் தேடிப் பறிச்சிட்டு வந்துட்டாரு, பாவம்.”

அதுதான் அவர். எது கேட்டாலும் ‘சரிங்க’. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வயதுவரை வந்திருந்தார். எங்கள் ஆட்கள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில் நொண்டி நடக்கிற ஓர் ஆளைப் பார்த்தால் மருந்து சொல்லாமல் போகிறவர் கிடையாது. இவரோ எல்லோரிடமும் சரிங்க சொன்னார். சொன்னதோடு விட்டாலும் பரவாயில்லை, செய்யவும் செய்தார். சின்சே குளிர்ச்சி கூடாது என்றார், மலாய்க்கார அம்மா புளிப்பு கூடாது என்றார், நம் வைத்தியர் கத்திரிக்காயும் கருவாடும் கூடாது என்றார். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அவருக்கு ரொட்டியும் கோப்பியும்தான் மிஞ்சின. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். நான் கத்துவேன். நான் சொல்வதற்கும் சரிங்க என்பார்.

அவருக்கு அடிபட்டதே ஒரு சரிங்கவால்தான். சிராங்கூன் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனையாளர். பொங்கல் விடுமுறைக்கு இரண்டு கடைகளின் பையன்கள் சேர்ந்து ஃபேரர் பார்க் திடலில் சடுகுடு வைத்தார்கள். ஒரு பக்கம் ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்க்கப் போனவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆட்டமே தெரியாது. சரிங்க என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் தடவை பாடிக்கொண்டு போனதிலேயே ஒருவர் இடது காலைப் பிடிக்க, இன்னொருவர் இடுப்பைப் பிடித்துத் திருப்ப, முட்டிக்குள் ஏதோ கயிறு அறுந்ததுபோல் சத்தம் கேட்டதாம். உள்ளே எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநார் அறுந்துபோயிருந்தது.

டாக்டர் அவருடைய தொடையிலிருந்தே ஒரு பட்டையை உரித்தெடுத்து, எலும்பில் துளை போட்டு, அதன் வழியே கோர்த்து இழுத்துக் கட்டினார். அன்றைக்கு அது அபூர்வமான ஆபரேஷன். டாக்டருக்கு அதில் பெருமை. இரண்டு மாதம் மாவுக்கட்டு. அதைப் பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது, முட்டி மடங்க மறுத்தது. அப்புறம் என் அறை. உருக்கிய மெழுகு ஊற்றி முட்டியைச் சூடாக்குவேன். பாதத்தில் மணல் பை கட்டித் தூக்கச் சொல்வேன். கடைசியில் இரண்டு கை வைத்த கோணமானியை முட்டிமேல் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அட்டையில் எழுதுவேன். முப்பதில் ஆரம்பித்து, ஏழாம் மாதம் தொண்ணூறுக்கு வந்தோம்.

தொண்ணூறு வந்த அன்று டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். “போதும் என்று சொல்லுங்கள். ஒரு வருஷம் முடியும்வரை இதற்குமேல் ஒரு டிகிரிகூட மடக்கக் கூடாது. புதுக் கட்டு இன்னும் உறுதிப்படவில்லை. தொண்ணூறு இருந்தால் நாற்காலியில் உட்காரலாம். வேறென்ன வேண்டும்?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். சரிங்க என்றார். வேறென்ன வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியாது. அவர் நாற்காலியில் சாப்பிட்டு, காரில் உட்கார்ந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனிதர். வீட்டுக் கக்கூஸும் நாற்காலி உயரத்தில்தான் இருந்திருக்கும். இவர் இருந்ததோ கடைவீட்டு மாடியில், பின்கட்டில் குந்தி உட்காருகிற வாளிக் கக்கூஸ். அதன்மேல் ஒரு முக்காலியைத் துளையிட்டு வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவை விரிக்க வேண்டும். அந்த மேடையிலிருந்து இறக்கி அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டார் முதலாளி பாய். கெட்ட மனிதர் அல்ல அவர்; “கால் நல்லாவட்டும் தம்பி, உன் இடம் உனக்குத்தான்” என்று சொல்லித்தான் நிற்க வைத்தார். போகிற வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடும் வேலை. யார் எது கேட்டாலும் இருக்குதுங்க என்பதால் அந்த வேலை அவருக்குப் பொருந்தத்தான் செய்தது. ஆனால் உள்ளே மற்றவர்கள் புடவையை உதறி விரிக்கும் சத்தம் கேட்கும்போது திரும்பிப் பார்ப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எந்த வாசமும் இல்லாமல் வந்தார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“மிஸ்ஸி, எனக்குக் கல்யாணம்” என்றார்.

பெண்ணின் அப்பா தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். கடையை விற்றுவிட்டு நிரந்தரமாக ஊருக்குப் போகிறார். கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. போவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். இவரைக் கடைவாசலில் பார்த்து, பேச்சு பிடித்துப்போய்க் கேட்டிருக்கிறார். ‘காலு சரியாயிடுச்சா தம்பி’ என்றதற்கும் சரிங்க, ‘அடுத்த மாசம் வச்சுக்கலாமா’ என்றதற்கும் சரிங்க.

“சரி, நல்ல விஷயம்தானே. எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க?”

“மணையில உக்காரணுமே மிஸ்ஸி.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணைப்பலகையில் சம்மணம் போட்டு, ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கிறவரை முக்கால் மணி நேரமாவது உட்கார வேண்டும். அதற்கு நூற்றிருபது, நூற்றிருபத்தைந்தாவது வேண்டும்.

“நாற்காலி போடச் சொல்லுங்கண்ணே. ஆபரேஷன் ஆன காலுன்னா யாரு என்ன சொல்லப் போறா?”

“காலு சரியாயிடுச்சான்னு கேட்டப்ப சரின்னுட்டேனே. இப்போ மணையில நாற்காலி போட்டா, நொண்டின்னு மறைச்சுக் கட்டிவச்ச மாதிரி ஆயிடும் லா. அந்தப் பொண்ணு அத்தனை பேரு முன்னாடி தலை குனியணும்.”

டாக்டரிடம் கேட்டால் கூடாது என்பார் என்பது இருவருக்கும் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. முடியாதுண்ணே. அவருக்குத்தான் அந்த வார்த்தை வராது, எனக்கு நன்றாக வரும்; தேக்காவில் என் வாய்க்குப் பயந்த வியாபாரிகள் உண்டு. ஆனால் அன்றைக்கு டாக்டர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று அவர் கேட்டது என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. நம் ஆட்களின் காலுக்கு என்ன வேண்டும் என்று எனக்கல்லவா தெரியும் என்று ஒரு திமிர். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

நான்கு வாரம், வாரம் இரண்டு நாள், திரையை இழுத்து மூடிக்கொண்டு செய்தோம். மெழுகு ஊற்றி, முட்டி இளகியதும், குப்புறப் படுக்கச் சொல்லிக் கணுக்காலைப் பிடித்து மடக்குவேன். அவர் துண்டைக் கடித்துக்கொள்வார். போதுமா என்று கேட்டால் சரிங்க என்பார். நிறுத்தலாமா என்றாலும் சரிங்க. அவருடைய சரிங்கவிலிருந்து வலியைக் கண்டுபிடிக்க முடியாது, காதுமடல் சிவப்பதைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். நூறு. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு நூற்றிருபத்தாறு. தரையில் பாய் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அட்டையில் ஒவ்வொரு வாரமும் தொண்ணூறு என்றே எழுதினேன்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். நான் பெண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்கார்ந்து, ஐயரையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை, அவருடைய இடது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் தாங்கியது. தாலி கட்டினார். கெட்டிமேளம் கொட்டியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் அம்மிக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மணையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து, பெண்ணின் பாதத்தைக் கையால் எடுத்து அம்மிமேல் வைத்து மெட்டி போட வேண்டும் என்பதை இரண்டு பேருமே மறந்துபோயிருந்தோம். அவர் நின்றபடி இடுப்பை வளைத்துக் குனிந்து பார்த்தார். எட்டவில்லை.

“நல்லா குந்தி உக்காருங்க மாப்பிள்ளை” என்றார் ஐயர்.

“சரிங்க” என்றார்.

உட்கார்ந்தார். ஒரு காலுக்கு மெட்டி போட்டார். அடுத்த காலுக்குத் திரும்பினார். முட்டி உள்பக்கமாகச் சரிந்ததை நான் தூணோரத்திலிருந்து பார்த்தேன். மேளச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்டிருக்க முடியாது. அவர் இரண்டாவது மெட்டியையும் போட்டுவிட்டு, எழுந்திருக்க முடியாமல் பெண்ணின் தோளைப் பிடித்து எழுந்தார். “இப்பவே தோள்ல கையைப் போட்டுட்டாரு” என்று யாரோ சொல்ல மண்டபமே சிரித்தது. பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அக்கினியை மூன்று சுற்று அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். அதற்கப்புறம் எப்போது பார்த்தாலும் அவர் மனைவி அவருக்கு இடது பக்கம்தான் நடப்பாள், அவர் கை அவள் தோளில்தான் இருக்கும். தெரியாதவர்கள் அன்னியோன்னியம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் முட்டிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். கால் இழுப்பறை போல் வெளியே வந்தது. டாக்டரின் முகம் வாடிவிட்டது. அட்டையை எடுத்துப் பார்த்தார். தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. எங்கே தவறு நடந்தது என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்கும் முன்பே அவர் சொன்னார். “படியில வழுக்கிட்டேன்னு சொல்லுங்க மிஸ்ஸி.”

என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்ணே” என்று ஒருநாள் சொன்னேன். அவர் வேணாம் என்று சொல்ல மாட்டார் என்பது தெரியும். அவரும் சொல்லவில்லை. “சரிங்க. ஆனா அடுத்த வாரம் சொல்லுங்களேன். இன்னைக்கு அவரு கொஞ்சம் கடுப்பா இருக்காரு” என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் அறையில் கூட்டமாக இருக்கிறதே என்றார். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் தடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கும் அந்த அடுத்த வாரம் வசதியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த முட்டியை நம்பி அவர் ஓர் அடி வைக்க முடியவில்லை. சந்தையின் ஈரத்தரையில் விழுந்தார், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் விழுந்தார், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார். முட்டி வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்து, தோல்வாரால் தொடையோடு கட்டுகிற ஒரு கூடு செய்து கொடுத்தார்கள். நடந்தால் கிறீச்சிடும். ஒருமுறை அதன் பூட்டு மாட்டிக்கொண்டு மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் கடைவாசலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். அப்போதும் வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். முதலாளி பாய்தான் வந்து பூட்டை விடுவித்தார்.

ஊரே அவருக்குப் படிக்கட்டுகளாகிவிட்டது. ஒரு கடையைச் சொன்னால், “அங்க பதினாலு படி, கைப்பிடி வலது பக்கம், நாலாவது படி உடைஞ்சது” என்பார். கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகவில்லை. ஏனென்றால் முப்பத்திரண்டு படி. ஆனால் கூப்பிட்டபோது வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வயதில் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படியில் இறங்கும்போது முட்டி நழுவிவிட்டது. குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உருண்டார். குழந்தைக்குப் புருவத்தில் மூன்று தையல். அதோடு உயிர் தப்பியது. அதற்கப்புறம் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ அவர் அந்தக் குழந்தையைத் தூக்கவே இல்லை. குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தால், சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்துவிடுவார். பிறகுதான் வா என்பார்.

அவர் மனைவி ஒருநாள் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். ஒல்லியான பெண். அவர் கை அழுத்தி அழுத்தி ஒரு தோள் சற்றே இறங்கியிருந்தது.

“அக்கா, அந்தக் காலை நீட்டமா ஒட்டிருவாங்களாமே. அப்படிச் செஞ்சா விழ மாட்டாராமே.”

“ஆமா. எலும்பையும் எலும்பையும் சேர்த்து ஒட்டிருவாங்க. வலி இருக்காது, நழுவாது. ஆனா அப்புறம் மடங்கவே மடங்காதும்மா. ஆயுசுக்கும்.”

“மடங்கலைன்னா என்னக்கா? விழாம இருந்தா போதும். புள்ளைய ஒரு கையில புடிச்சிக்கிட்டு, இவர ஒரு கையில புடிச்சிக்கிட்டு எத்தனை நாளைக்கு நான் படி எறங்குறது? நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க சொல்றத மட்டுந்தான் கேப்பாரு.”

அவர் எல்லோர் சொல்வதையும்தான் கேட்பார் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

டாக்டரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தார். அந்த வருஷக் கடைசியில் அவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகிறார். இன்னொரு முறை பட்டை எடுத்துக் கட்டினால் நிற்காது, மூட்டு தேய்ந்துவிட்டது என்றார். இரும்புக் கூட்டோடு ஓட்டலாம், ஆனால் தேய்மானமும் வலியும் கூடிக்கொண்டே போகும். காலை நீட்டமாக ஒட்டிவிடுவதுதான் நல்லது, போவதற்குள் தானே செய்துவிடுவதாகச் சொன்னார். யோசித்து அடுத்த செவ்வாய் பதில் சொல்லச் சொன்னார்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய கடைவீட்டு மாடிக்குப் போனேன். அவர் மனைவி கேட்டதற்காகத்தான் போனேன். அதற்குள் தேக்கா முழுவதும் செய்தி பரவிவிட்டிருந்தது. காலை மரக்கட்டையாக்காதே என்று பாதிப் பேரும், டாக்டர் சொன்னால் கேள் என்று மீதிப் பேரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோருக்கும் சரிங்க சொல்லியிருந்தார். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலை மடித்து, இடது காலை முடிந்த மட்டும் வளைத்து வைத்திருந்தார். அந்த வளைவுக்குள் குழந்தை உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் மனைவி பின்கட்டில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒட்டிட்டா, மடி இருக்காதுல்ல மிஸ்ஸி?” என்றார். கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“தரையில உக்காந்தா இருக்காதுண்ணே. காலு முன்னாடி நீட்டிக்கிட்டேதான் இருக்கும்.”

“சரிங்க” என்றார்.

குழந்தையின் தலையில் விழுந்திருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டார். ஐந்து வருஷத்தில் தனக்கு என்ன வேண்டும் என்பதுபற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை எந்த வாசமும் இல்லாமல் வந்தார். மனைவியும் குழந்தையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சம்மதமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“சரின்னு சொல்லுங்க மிஸ்ஸி” என்றார்.

சொல்லும்போது அவர் கை இடது முட்டிமேல் இருந்தது. வலி எடுக்கும்போது பிடிக்கிற பிடி அல்ல அது. காதைப் பார்த்தேன். இரண்டு மடலும் சிவந்திருந்தன. துண்டைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்த அதே ஆள்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. வெளியே அந்தப் பெண்ணின் வளையல் சத்தம் கேட்டது.

“அவருக்குச் சம்மதம் இல்லை, டாக்டர்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மனிதர் எதையும் மறுத்து அவர் பார்த்ததில்லை. என்னை விட்டுவிட்டு நேராக அவர் பக்கம் திரும்பி, “நோ?” என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரப் பெண்களுக்குப் புடவை விற்ற அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரியும். நான் சொன்னது புரியாமல் இல்லை. ஒரே ஒரு தலையசைப்பில் என்னைப் பொய்யாக்கியிருக்கலாம்.

“யெஸ் சார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நோ சார்” என்றார்.

டாக்டர் தாளை உறைக்குள் வைத்தார். நாங்கள் வெளியே வந்தோம். அவர் மனைவி எழுந்து நின்றாள்.

“எப்போ ஆபரேசனாம்?”

“வேணாம்னுட்டேன்” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள். அது அவருடைய சொந்த வேணாம்தானா, இல்லை படியில் வழுக்கியதுபோல அதுவும் எனக்காகச் சொன்னதா? என்னிடமும் ஒரு சரிங்க சொல்லிவிட்டுப் போனாரா? எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பார்.

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு படி முன்னால் இறங்கி, தோளை அவர் கைக்கு எட்டும்படி காட்டிக்கொண்டு நின்றாள்.

“ம், வாங்க” என்றாள்.

இறங்கும்போது கெட்ட கால் முதலில். அது நான் சொல்லிக்கொடுத்தது. அவர் இடது காலைக் கீழே வைத்தார், அவள் தோளில் எடையைப் போட்டார், வலது காலைக் கொண்டுவந்து சேர்த்தார். அவள் அடுத்த படிக்கு இறங்கினாள். நான் மேலே கைப்பிடியைப் பிடித்தபடி நின்று பதினெட்டையும் எண்ணினேன்.